இதர குறிப்புகள்

நவம்பர். செத்செர்லெக் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு;
உள்ளே வெந்நீர்க் குழாய்கள் முனகுகின்றன.
ஐந்தாம் வகுப்பு, பத்துப் பேர்,
மடித்துக் கட்டிய சிறு கூடாரம் ஒன்று,
நாற்பது நிமிடம்.
மாகாண அலுவலகம் அனுப்பிய தாளில்
'தலைமைப் பண்பு: குழுச் செயல்பாடு மூன்று.'
ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்.
தெளிவான குரல். விரைவான முடிவு.
மற்ற மூன்றும் ஏறக்குறைய அதேதான்.

போன வாரம் தாமிர் தலைவன்.
எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண்.
கூடாரம்தான் நிற்கவில்லை.

இந்த வாரம் சீட்டு.
என் ரோமத் தொப்பிக்குள் பத்துத் துண்டு,
ஒன்றில் மட்டும் வட்டம்.
வட்டம் எடுத்தவர் நட்ட நடுவில் நின்று
கூரைச் சக்கரத்தைத் தலைக்கு மேல் தாங்க வேண்டும்,
கடைசிக் கழி செருகும்வரை.
இரண்டு கையும் மேலே.
சுட்டிக்காட்ட ஒரு விரல் மிஞ்சாது.

வட்டம் தாமிருக்கே விழுந்தது.
சத்தியமாக நான் மடித்து வைத்ததில்லை.

சுவர்ச் சட்டங்கள் துருத்திபோல் விரிந்தன.
ஆரஞ்சுக் கதவு தெற்குப் பார்த்து நின்றது.
உயாங்கா போட்ட முடிச்சு உடனே அவிழ்ந்தது;
ஒச்சிர் போட்டது இனி இந்த ஜென்மத்தில் அவிழாது.
சக்கரம் ஏறியது.
"சீக்கிரம்!" என்றான் தாமிர்.

சீக்கிரம் என்றால், கைக்கெட்டிய பக்கம்.
கழிகள் எல்லாம் கதவோரமே சேர்ந்தன,
ஏழு, எட்டு, ஒன்பது,
ஒன்பதும் ஒரே திசையில் அவனைத் தள்ள
குதிகால் பளபளத்த தரையில் வழுக்கியது.
"சீக்கிரம், சீக்கிரம்!"
பத்தாவதும் அங்கேயே வந்தது.

விசில் என் உதட்டில் இருந்தது.
பல்லால் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சக்கரத்திலிருந்து ஒரு கம்பளி இழை
அவசரமே இல்லாமல் இறங்கி
அவன் மூக்கின்மேல் உட்கார்ந்தது.
ஊதினான். உதட்டைக் கோணினான்.
முகம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.
பிறகு, இந்த வகுப்பு கேட்டறியாத ஒரு குரலில்:
"யாராவது என் மூக்கைச் சொறிஞ்சு விடுங்களேன்."

சிரித்த சிரிப்பில் பத்துக் கழியும் குலுங்கின.
ஒருவரும் நகரவில்லை; எல்லார் கையிலும் ஏதோ ஒன்று.

இடக்கையில் மாவுக்கட்டுடன்
பெஞ்சில் வேடிக்கை பார்த்திருந்த மிஷீல்தான்
குனிந்து உள்ளே நுழைந்து
நல்ல கையால் சொறிந்தாள்.
"வேற எங்கே?"
மூக்கைத்தான் கேட்டாள்.
"முதுகுப் பக்கம்," என்றான் அவன்,
"அங்கே கழியே இல்ல."

அவள் எட்டிப் பார்த்தாள். இல்லைதான்.
வெளியே நின்றவர்களுக்கு அது தெரியவில்லை,
அவன் தோளுக்குத் தெரிந்திருக்கிறது
இவ்வளவு நேரமும்.

ஒற்றைக் கையால் ஒரு கழியை இழுத்து வந்தாள்.
ஒச்சிர் நுனியைப் பிடித்தான்.
"இப்போ?"
"கிழக்கே ஒண்ணு. இல்ல, இன்னும் தள்ளி.
இரு, இரு, கை சொல்லட்டும்."
கை நடுங்கி நடுங்கிச் சொன்னது.
அங்கொன்று, எதிரே ஒன்று;
அவன் கேட்க, அவர்கள் செருக,
அவர்கள் கேட்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு
எடையைப் படித்துச் சொல்ல.

முப்பத்தெட்டாம் நிமிடம் கையை எடுத்தான்.
சக்கரம் அங்கேயே இருந்தது.
நம்பாமல் இன்னும் கொஞ்சநேரம்
உள்ளங்கைகளை அதன் அடியிலேயே வைத்திருந்தான்.

மணி அடித்தும் ஒருவரும் கிளம்பவில்லை.
கம்பளி போர்த்தாத எலும்புக்கூட்டுக்குள் உட்கார்ந்து
உயாங்காவின் சட்டைப்பையிலிருந்த
காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்தார்கள்.
சக்கரத்தின் வழியே மேலே
வானத்துக்குப் பதில்
வலை கிழிந்த கூடைப்பந்து வளையம்.

தாளை எடுத்தேன்.
தெளிவான குரல்: இரண்டு.
விரைவான முடிவு: ஒன்று.
மிஷீலுக்கு மதிப்பெண் போட வழியில்லை,
கை உடைந்தவள் பெயர் பட்டியலிலேயே இல்லை.
அடியில், இதர குறிப்புகள் என்று
விரலளவு இடம் விட்டிருந்தார்கள்.
அதில் எழுதினேன்: மூக்கு.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்பார்கள்.
கேட்கட்டும்.