இரண்டே முக்கால் அடி

பாகம் பிரித்தபோது
ஹாலின் நடுவே ஒரு சுவர் எழும்பியது.
சன்னல்கள் எல்லாம் புஷ்பலெட் மயினிக்குப் போயின.
எங்களுக்கு வாசல்.
வாசலிலிருந்து அடுக்களை வரை
இரண்டே முக்கால் அடி அகலத்தில்
ஒரு நடை.

கருங்கல்லில் வாங்கிய ஃப்ரிட்ஜ்
வீட்டைச் சுற்றி, வாழைக்கன்றை மிதித்து,
பின்வாசல் வழியாகத்தான் உள்ளே ஏறியது.
சிலிண்டர் போடும் பெனட்
நண்டுபோலப் பக்கவாட்டில் வருவான்.
இங்கே படம் மாட்டினால்
தோளில் இடிக்காத சொந்தமே இருக்காது.

இருந்தாலும் சனிக்கிழமை முடிவெடுத்தேன்,
ஆறு வருசமாய்க் கட்டிலுக்கடியில் கிடந்தவர்களை
எழுப்பி நிறுத்துவதென்று.
குவைத்திலிருந்து செல்வின் சொன்னார்,
"கொத்தனார் வரட்டும்."
நாலு படத்துக்குக் கொத்தனாரா?

மாமனார் சத்தியநேசன்,
மார்த்தாண்டத்து ஸ்டுடியோவில்,
துணியில் வரைந்த ஏரிக்கு முன்னால்.
ரப்பர் பால் கறுத்த விரல்களை
உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்திருக்கிறார்.
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அவருக்கு இடம்.
கணக்கெடுக்க வருகிறவர் டார்ச் அடித்தால்
வெளிச்சம் முதலில் விழுவது அந்த நெற்றியில்,
யூனிட் அப்புறம்.

செல்வின்,
தன்னுடையதல்லாத வெள்ளைக் காரில் சாய்ந்தபடி.
ஆஷ்லின்,
திற்பரப்பில், தலையில் அருவி விழ,
வாய் திறந்தபடி. சிரிப்பா அலறலா,
அவளுக்கே ஞாபகமில்லை.
என் அப்பா அம்மா ஃபோனில் இருக்கிறார்கள்.
இன்னும் சட்டம் போடவில்லை.
இதைச் சொல்ல வேண்டாமென்றுதான் நினைத்தேன்.

கடைசியாக, கல்யாண குரூப் படம்.
மூன்றடி நீளம், முப்பத்தொரு பேர்.
தள்ளி நின்று பார்க்கலாமென்றால்
முதுகு எதிர்ச்சுவரில் முட்டுகிறது.
நடந்துதான் பார்க்க வேண்டும்,
குழித்துறையில் நிற்காத ரயிலிலிருந்து
பிளாட்பாரத்தைப் பார்ப்பதுபோல:
வேட்டி, சேலை, சேலை,
யாரோ பெற்ற பிள்ளை,
மாலை, நான், மறுபடி வேட்டி.
ஆட்கள் ஒவ்வொருவராய் வருகிறார்கள்.
குடும்பமாக ஒருமுறைகூட வரவில்லை.

கனமான படத்துக்குக் கனமான ஆணி.
கடைக்காரர் கேட்டார், "சுவர் எத்தன இஞ்சு?"
தெரியாதென்று சொல்ல வெட்கம்.
"எட்டு இருக்கும்" என்றேன்.
அஞ்சிஞ்சு ஆணி எடுத்துத் தந்தார்.
குத்துச் செங்கல் அடுக்கி,
அண்ணனும் தம்பியும் பேசாமல்
ஒரே வாரத்தில் கட்டிய சுவர்.
பூச்சோடு சேர்த்தாலும் நாலு தேறாது.

ஏழாவது அடியில்
அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள்.
சுத்தியலை இறக்கினேன்.

"என்னத்த அடிக்கிய?"

பாகப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளுக்கப்புறம்
இப்போதுதான் அந்தக் குரல்
என்னைப் பார்த்துப் பேசுகிறது.
என்னையா, சுவரையா.

"படம்."

ஒரு குக்கர் விசில் அடித்தது.
எங்கள் குக்கரா, அவர்கள் குக்கரா,
இரண்டு பேருமே அசையவில்லை.

"எந்தப் படமாக்கும்?"

"கல்யாண குரூப்பு."

"அய்ய, அதுவா!
அதுல நான் கண்ண மூடிட்டுல்லா நிப்பேன்."

குனிந்து பார்த்தேன்.
மூடித்தான் இருக்கிறது.
என் மாலையில் எதையோ சரிசெய்ய
கை நீண்டிருக்கிறது,
அசைந்ததில் விரல்கள் மட்டும் கலங்கி.
பதினெட்டு வருசமாய்
அது யாருடைய கையென்றே நான் பார்த்ததில்லை.

"ஆமா மயினி, மூடிதான் இருக்கு."

"ம்.
ஆணி இந்தப் பக்கம் எட்டிப் பாக்குது, கேட்டியா."

"எவ்வளவு?"

"அரை இஞ்சு காணும்."

"பிடுங்கட்டா?"

செருப்பு இழுபடும் சத்தம். போய்விட்டார்களோ
என்று நினைக்கும்போது திரும்பி வந்தது.

"கெடக்கட்டு.
இங்க ஒரு காலண்டரு
கொளுத்த எடமில்லாம சாஞ்சே இருக்கு."

படத்தை மாட்டினேன்.
இடப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது.
பெனட் திங்கட்கிழமை வரும்போது
தோளால் நிமிர்த்திவிட்டு,
போகும்போது மறுபடி சாய்ப்பான்.

சுவருக்கு அந்தப் பக்கம்
தாள் கிழிபடுகிறது.
ஒன்று. இன்னொன்று.
அப்புறமும் கிழிபடுகிறது.
தேதி ரொம்பப் பின்தங்கிக் கிடந்திருக்கும்போல.