கடைமடை

ஐப்பசி அடைமழையில் மூன்று ராத்திரி
மூணாறு தலைப்பில் ஷட்டர் திருகினேன்.
நாலாம் நாள் குளிர் என்னைத் திருகியது.
மூச்சு இழுக்கும்போதெல்லாம்
வலது விலாவில் ஓர் அரிவாள் முனை.
காறித் துப்பினால்
ஷட்டர் துருவின் நிறம்.

"சளிதான்" என்றேன் ஐந்து நாள்.
மிளகுக் கஷாயம்.
மெடிக்கலில் சீட்டு கேட்காமல் கொடுத்த மூன்று மாத்திரை.
ஆறாம் நாள் செண்பகவல்லி
டி.வி.எஸ். எக்ஸெல்லில் என்னை மூட்டையாய் ஏற்றி
திருவாரூர் கொண்டுபோனாள்.

விரலில் மாட்டிய கவ்வி எண்பத்தெட்டு என்றது.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து என் நெஞ்சை எண்ணினார்,
நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு.
மதகில் அளவுகோல் படித்தே வயசானவன் நான்,
மட்டம் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

டாக்டர் நஸ்ரின்
ஓ.பி. சீட்டின் பின்னால் பேனாவால் வரைந்தார்:
ஒரே ஆறு இறங்கி இரண்டாய்ப் பிரிந்து
நாலாய், எட்டாய், கன்னி வாய்க்காலாய்,
கடைசியில் கடுகுக்கும் சிறிய பைகள்.
"கோடிக்கணக்கில் இருக்கு.
காத்து நிக்கவேண்டிய இடத்தில
உங்களுக்குச் சீழும் நீரும் நிக்குது."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
மற்ற இடமெல்லாம் கறுப்பு.
வலப்பக்கம், அடியில் மட்டும்
வெள்ளம் நின்ற வயலைக்
கரைமேல் நின்று பார்த்த மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது, இருமலாய்.
கடைமடைக்குத் தண்ணி வரலையென்று
முப்பத்தோரு வருஷம் வசவு வாங்கியவன்.
என் உடம்பில்
கடைமடைதான் முதலில் மூழ்கியது.

"பீடி எத்தனை?" என்றார்.
பாதிக் கணக்கு சொன்னேன்.
மீதியைச் செண்பகவல்லி சொன்னாள்.
குழாய்ச் சுவரெல்லாம் மயிரிழைத் துடைப்பங்களாம்,
அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருக்குமாம்.
நான் அவற்றையும் புகையில் சுருட்டியிருக்கிறேன்.

வார்டில் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.
ஐந்தாம் நாள் வீடு. மாத்திரை இன்னும் நாலு நாளைக்கு.
ஒன்றை விழுங்கிவிட்டு மிச்சத்தை
அடுத்த மழைக்காகும் என்று வேட்டியில் முடிந்துகொண்டேன்.

ராத்திரி கனவில் பாமணி வடிகால்.
பாதி அரித்ததோடு
கூலி வாங்கிக்கொண்டு நாங்கள் கரையேறிய
அதே இடத்தில்
ஆகாயத்தாமரை மறுபடி பூத்திருந்தது.
ஊதாவாய். அழகாய்.

எழுந்து முடிச்சை அவிழ்த்தேன்.

அட்டை காலியாகி எட்டு நாளாயிற்று.
மூச்சு இன்னும் முழுசாய் இறங்கவில்லை.
வடிய நாளாகும், இது எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.
விளக்கணைத்த பிறகு செண்பகவல்லி
என் முதுகில் காதை வைக்கிறாள்.
"இழு" என்கிறாள்.
இழுக்கிறேன்.
"அடியில கொஞ்சம் சலசலங்குது" என்கிறாள்,
"நேத்தைக்கு இன்னிக்கு கம்மிதான்."