அடிப்பகுதி கழுவல்

மூன்றாவது தடவையாக லிஃப்டில் ஏறுகிறது
கூத்தாநல்லூர் சபுரா டாக்டரின் வேகன் ஆர்.
கப்பலில் பெர்த்துக்குப் போகிறதாம்,
ஒரு வருஷத்துக்கு.
மண் ஒரு பொட்டு இருந்தாலும்
அங்கே இறக்க விடமாட்டார்களாம்.

பாமணி ஆற்றுக் களி
லேசில் விடுகிற ஆளா?
மட்கார்டு மடிப்பில், ஸ்பிரிங் இடுக்கில்
காரை பூசியதுபோல் உட்கார்ந்திருக்கிறது.
ரேடியேட்டர் வலையில்
ரோட்டில் பரப்பிய கதிர்மேல் ஏறிவந்த
தை மாதத்து வைக்கோல்.
பின்சீட்டு மிதியடியைத் தூக்கினால்
நாலு நெல் முளைத்திருக்கிறது,
வெயில் பார்க்காத வெளிறலாய்.

"வண்டிக்கு ஜாமீன் கட்டியிருக்கேன் காத்தையன்,
திரும்பி வரலேன்னா பணம் போயிரும்."
உங்களுக்கு? என்றேன்.
"எனக்கு யாரு கேட்டா"
சிரித்தார். போன் வந்தது,
வெளியே போய்ப் பேசினார் வெகுநேரம்.

நாற்றைச் சாக்கடையில் விட மனசில்லை.
காலி கிரீஸ் டப்பாவைக் கழுவி
அதே களியை அள்ளிப்போட்டு நட்டேன்.
பில்லில் அதை எழுதவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது சொன்னேன்:
நேரா தூத்துக்குடிக்கு விடுங்க டாக்டர்,
வீட்டுப் பக்கம் போயிடாதீங்க.
உங்க தெரு
மண் தெரு.