கடன் வாங்கிக் கழித்தல்

பதிவேட்டின் அட்டையில் 'மெல்லக் கற்போர்' என்று
ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
உள்ளே பதினொரு பெயர்.
நாலேகால் மணி. பாம்பன், சின்னப்பாலம்.
வெயில் இன்னும் வெளியேறாத ஆறாம் வகுப்பு அறை.

முதல் மாதம் நான் செய்தது இதுதான்:
காலையில் சொன்னதையே
மாலையில் உரக்கச் சொன்னேன்.
கச்சான் காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொள்ள
அதைவிட உரக்க.
பதினொன்று ஒன்பதாகி,
அமாவாசையை ஒட்டிப் பாசி எடுக்கும் நாட்களில்
ஐந்தானது.
வருகைக்கு எதிரே 'அக்கறையின்மை' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை இன்னும் அடிக்கவில்லை,
எனக்காக இருக்கட்டும்.

நானூற்றிரண்டில் நூற்றெழுபத்தெட்டு போக
முந்நூற்றெழுபத்தாறு என்றான் நம்புவேல்.
போன வாரமும் வேறு எண்களில் இதே போலத்தான்.
அவன் தப்புகளைத் தேதி போட்டு
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது
என்ன ஒரு ஒழுங்கு!
மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும்
பெரிதிலிருந்துதான் சிறிதை எடுக்கிறான்.
ஓரிடத்திலும் கடன் வாங்கவில்லை.

"பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்ல?"
"வாங்குனா திருப்பிக் குடுக்கணும் டீச்சர்.
இதுல யாருமே திருப்பிக் குடுக்கலயே."

நண்டுக் கம்பெனி நோட்டில்
அவன் அப்பாவின் முன்பணம்
நாலு வருடமாகக் கழிந்துகொண்டே இருக்கிறது,
குறையவில்லை.

மறுநாள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.
ஒரு நூறு ரூபாய்த் தாள். பத்துப் பத்துகள்.
ஒரு பத்துக்குப் பத்து ஒற்றை ரூபாய்.
"சில்லறை மாத்து," அவ்வளவுதான்.
இருநூற்றிருபத்து நாலு.
அவன் சந்தோஷப்படக்கூட இல்லை.
"இதத்தான் சொன்னீங்களா?" என்றான்.

இப்போது நாலு பேருக்கு மேல் ஒரு குழு இல்லை.
மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரிப்பதில்லை, தப்பைப் பார்த்து.
வெள்ளிக்கிழமை ஆறே கணக்கு;
ஆறும் சரியென்றால் திங்கள் முதல் மைதானம்.
பாசி நாட்களில் ஆறு மணிக்கு விளக்குப் போடுகிறோம்.
மூன்று பேர் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.
அது எத்தனை சதவீதம் என்று
வட்டார அலுவலகம் போனில் கேட்கிறது.

டிலானிக்கு வகுத்தல்.
ஏழு வாரம், நாற்பத்திரண்டு கணக்கு,
நாற்பத்திரண்டும் வேறு வேறு தப்பு.
விரலில் பாசியறுத்த கீறல்களோடு
நோட்டை நீட்டிவிட்டு நிற்கிறாள்,
நான் கண்டுபிடிப்பேன் என்று.
உப்பு பூத்த அந்த நோட்டை
இன்றும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.