மீதி ஆடியில்

நாற்பதாயிரத்துக்குப் பதிலாக
மூன்று தகரம் தேன் வந்து இறங்கியது
மார்கழிப் பனி விலகாத காலையில்
என் வாடகை வீட்டு மாடிப்படியில்.
தகரத்துக்கு இருபத்தெட்டுக் கிலோ.
"கிலோ முந்நூறுன்னு போட்டுக்கோங்க மேடம்.
மீதி ஆடியில."
நான் பெருக்கி முடிப்பதற்குள்
முனிரத்தினத்தின் குட்டியானை
அடுத்த தெருவில் ஹாரன் அடித்தது.

தேன்கனிக்கோட்டை.
பேருந்துப் பலகையில் தினமும் படிக்கிற பெயர்.
தேன், கனி, கோட்டை.
ஒன்று இப்போது என் சமையலறையில்,
எண்பத்துநான்கு கிலோ.

மேலே இரண்டு விரல் ஆழம் மட்டும் ஓடியது.
அதற்குக் கீழே வெள்ளை, மணல் மணலாக,
உறைந்த நெய் மாதிரி.
முதல் கரண்டி வளைந்தது.
இரண்டாவது
காம்பு வரை இறங்கி
வர மறுத்தது.
பார்த்தவர்களெல்லாம் சர்க்கரைப் பாகு என்றார்கள்.
மாங்கூழ் ஆலையில் பிரிக்ஸ் பார்ப்பவள் நான்,
குளிரில் உறைவது குற்றமில்லை என்று தெரியும்.
ஆனாலும் ஒரு சொட்டைக் கருவியில் தடவினேன்.
எண்பத்தொன்று.
தண்ணீர் கலக்கவில்லை.
அதற்குமேல் கருவிக்கு ஒன்றும் தெரியாது.

அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர்.
கீழ்வீட்டு ரெஹானா அக்காவும் நானும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தகரத்தை இறக்கினோம்.
இரவெல்லாம் ஆற ஆற மாற்றி ஊற்ற,
விடியும்போது உள்ளே ஒரு பாளம் சரிந்தது,
தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி.

வேட்டித் துணியில் வடிகட்டினேன்.
துணியில் இரண்டு இறக்கை, அரைத் தேனீ.
தாழ்ப்பாள், சுவிட்ச், மகனின் கணக்கு நோட்டு,
ஒட்டாதது வீட்டில் எதுவுமில்லை.
எறும்புக்கு யார் சொன்னார்களோ.
தகரங்களைத் தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தினேன்.

கொடுத்தேன்:
ஆலை வாட்ச்மேனுக்கு, சித்தி மகள் நிச்சயத்துக்கு,
பல் டாக்டருக்கு (சிரித்தார்).
ஒரு தகரம் காலி.
ஒன்றை விற்று அடகுக்கடைக்கு வட்டி கட்டினேன்,
அந்த நாற்பதாயிரம் என் சங்கிலி.
மூன்றாவது அசையவில்லை.

தையில் ரெஹானா அக்காவின் இலந்தை
ஓட்டின்மேல் பொலபொலவென்று உதிர்ந்தது.
மூன்று கிலோ தேன்,
எட்டு லிட்டர் காய்ச்சி ஆற்றிய தண்ணீர்,
கொட்டை உடையாமல் நசுக்கிய இரண்டு படிப் பழம்,
பேக்கரி ஈஸ்ட் ஒரு கரண்டி.
இருபது லிட்டர் தண்ணீர் கேன். மூடியில் ஓட்டை.
ஓட்டையில் குளுக்கோஸ் ட்யூப்,
ட்யூப்பின் நுனி ஒரு டம்ளர் தண்ணீரில்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் என் ஸ்வெட்டரைக் கேனுக்கு மாட்டினேன்.
மூன்றாம் இரவு டம்ளரில் ஒரு கொப்புளம்.
பிறகு இன்னொன்று.
"அம்மா, கேன் மூச்சு விடுது"
என்றான் மகன், போர்வைக்குள்ளிருந்து.

மாசி கடைசியில் மூச்சு நின்றது.
கலங்கல், அரிசி கழுவிய தண்ணீர் போல.
சாராயம் ஏறியபின் என் கருவி பொய் சொல்லும்,
நாக்கைத்தான் நம்ப வேண்டும்.
நாக்கு முகம் சுளித்தது.
வண்டலைத் தொடாமல் வேறு கேனுக்கு
உறிஞ்சி மாற்றிக் கட்டிலடியில் தள்ளினேன்.
தேறுமா?
கலங்கினதற்கும் காய்ச்சல்காரனுக்கும்
பத்தாம் வகுப்புப் பையனுக்கும்
ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம்.
முனிரத்தினத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி
என் அண்ணன் கேட்டதும் அதையேதான்.

பிறகு மாங்காய் வந்தது.
லாரி, லாரி, மூன்று ஷிஃப்ட்.
கட்டிலுக்கு அடியை நான் மறந்தே போனேன்.

ஆடிக்காற்றில் கதவைத் தட்டியவன் கையில்
ரப்பர் பேண்ட் போட்ட ஒன்பதாயிரம்.
மீதி பதினாலாயிரத்து எண்ணூறு.
"மழையில்ல மேடம், பூவுமில்ல."
உட்காரச் சொன்னேன்.
கேனைச் சாய்த்து ஒரு டம்ளர்.
அடியில் இருந்த பூ வேலைப்பாடு
துலக்கமாகத் தெரிந்தது.
முகர்ந்தான். ஒரு வாய். மறுபடி ஒரு வாய்.
"என்ன மேடம் இது?"
"வட்டி."

அவன் சிரித்து முடிக்க நேரமானது.
பணத்தை மேசைமேல் வைத்து,
டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்து,
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்,
"மீதிக்கு ரெண்டு தகரம் இறக்கட்டுமா?"

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும்.
கட்டிலடியில் காலிக் கேன்கள்
எத்தனை இருக்கின்றன என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.