ஒன்பதில் நிறுத்தம்

கடற்படைத் தளத்து அழுத்த அறைக்கு
ஒரேயொரு வட்ட யன்னல்.
அப்பால் நௌபர் நானா மல்லாந்து கிடக்கிறார்,
முகத்தில் ஒக்சிசன் மூடி.
இடது கால் இன்னும் அவருடையதாகவில்லை.

நாற்பது மீற்றரில் காற்றுத் தீர்ந்து
ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டாராம்.
கடலட்டைப் பை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை.

"திரும்ப பதினெட்டுக்கு இறக்கினது," என்றார் தாதி,
சிங்களம் ஓரம் கட்டிய தமிழில்.
"பிறகு ஒன்பதில நிப்பாட்டும். அங்கதான் கனநேரம்."

வாங்கில் இருந்து மடிக்கணினியைத் திறக்கிறேன்
(அதன் கடைசித் தவணையும் கடலட்டைக் காசு).
மிசாகி அனுப்பிய கோப்புகள் இறங்கியிருக்கின்றன.
வெளியே, வாயிற்காவலன் எறிந்த பாண் தாளை
ஒரு மான் மென்றுகொண்டிருக்கிறது.

இரண்டு வைர நுனிகளுக்கு நடுவே
மணலின் துணுக்கில் ஒரு துணுக்கு,
இரும்பும் செலினியமும்.
இரும்பு சதுரம் சதுரமாய்ப் பரவியிருக்கும்.
செலினியம் ஒன்று மேலே, அடுத்தது கீழே.
தாளின் மேல் தாள், இடையில் ஒன்றுமில்லை.
சும்மா விட்டால்
எட்டுக் கெல்வின் குளிருக்குக் கீழேதான்
மின்சாரம் தடையறியாமல் ஓடும்.
நசுக்கினால் தாள்கள் நெருங்கும்,
செலினியம் இரும்பின் பக்கம் சற்றே தாழும்,
எட்டு முப்பத்தேழாகும்.

அதற்கு ஒன்பது ஜிகாபாஸ்கல் வேண்டும்.
கைபேசியில் கணக்குப் போட்டேன்.
கொட்டியாரக் குடாவின் தண்ணீரை
தொள்ளாயிரம் கிலோமீற்றர் உயரத்துக்கு அடுக்க வேண்டும்.
நானாவுக்கு நாற்பது மீற்றர் போதுமாயிருந்தது.

கிண்ணியாவில் பரிசளிப்பு மேடையில் ஒருவர் சொன்னார்,
அழுத்தம்தான் கரியை வைரமாக்கும், பிள்ளைகளே.
நானும் கைதட்டினேன்.
என் வேலையில் எதுவும் வைரமாவதில்லை.
வைரம் அழுத்துகிற பக்கம் இருக்கிறது.

பன்னிரண்டாவது கோப்பு.
சதுரத்தின் கோடுகள் மெலிய
அவற்றருகே அழைக்காமல் வந்த ஒரு கோடு:
அறுகோணம்.
தாள்கள் இனித் தாள்களில்லை.
இரும்பு இரும்போடு நெருங்கி
வேறேதோ வீடு கட்டிக்கொண்டது.
தடையில்லா ஓட்டம் நின்றுபோயிற்று.
இன்னும் ஒரு சுற்று திருகிப் பார், மிசாகி,
என்று எழுதியவள் நான்தான்.

கடைசிக் கோப்பில் திருகைத் தளர்த்தியிருக்கிறாள்.
பன்னிரண்டு, ஒன்பது, ஆறு.
அறுகோணம் போகவில்லை.
போன வழியால் அது திரும்பி வரவில்லை.
மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

மானிமுள் அசைகிறது.
தாதி பென்சிலால் எழுதுகிறார்: 9.

யன்னலுக்குள் நானா பெருவிரலை உயர்த்துகிறார்.
தாதி சிரித்துத் தானும் விரல் காட்டுகிறார்,
சுகம் என்று நினைத்து.
சுழியோடிகள் பாஷையில் அதற்கு
மேலே போவோம் என்று அர்த்தம்.

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து
தலையாட்டுகிறேன்.
இல்லை நானா.
கொஞ்சம் இங்கேயே இருங்கள்.