ஏழின் குறுக்கே ஒரு கோடு

நாற்பத்தொரு கற்கள்.
ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி
எண் எழுதினார் அம்புரோஸ் டில்காட்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு,
உறையாதிருக்க மைப்புட்டியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு.
ஐஸ்லாந்தில் அது ஆகஸ்ட்.
அதைத்தான் அங்கே கோடை என்கிறார்கள்.

குதிரைக்காரன் ஹால்வர்தூருக்குக்
கல் மூன்று வகை:
சுவருக்கு ஆகும், ஆகாது,
குளம்பில் சிக்கும்.
ஆங்கிலேயர் ஒரு கல்லை உடைத்து
நாக்கால் தொட்டுக் கண்மூடி நின்றபோது
பாவம், பசி போல என்று
காய்ந்த மீன் நீட்டினான்.
அதையும் வாங்கித் தின்றார்.

இருவருக்கும் பொதுவாய் இருந்தது
டேனிஷில் ஒரு பன்னிரண்டு சொல்.
"பழையது" என்பார், மலையைக் காட்டி.
"பழையதுதான்" என்பான்,
பிய்ந்த சேணத்தைக் காட்டி.

பதினேழாம் நாள் பனியாறு.
சாம்பல் கரைத்த நீர்
வயிற்றைத் தொட்டது, பிறகு விலாவை.
டில்காட் முன்னமே கரையேறி
எதிர்ப் பாறையின் சாய்வை அளந்துகொண்டிருந்தார்,
ஆற்றுக்கு முதுகு காட்டி.
கல் சுமந்த பழுப்புக் குதிரை
நடுவில் நின்றுவிட்டது.
இழுத்தான். வரவில்லை.
காது இரண்டும் பின்னால் படிந்தன.

ஹால்வர்தூர் சாக்கின் வாயை அவிழ்த்து
அடியைத் தூக்கினான்.
எடை ஒருபக்கம் சாயுமே என்று
மற்றதையும்.
ஆற்றின் இரைச்சலில்
நாற்பத்தொரு மலைகள் விழுந்த சத்தம்
யாருக்கும் கேட்கவில்லை.

அன்றிரவு கடலோரம் கூடாரம்.
டில்காட்டின் குறட்டை சீராக வந்தபிறகு
அவருடைய செய்தித்தாளும் அவருடைய மையும்.
ஒன்று, இரண்டு, மூன்று.
எண் தெரிந்தவன்தான்,
ஆடு எண்ணிய கை.

லீட்ஸில் நவம்பர் மழை.
பிலிப்பா விளக்கின் திரியை ஏற்றிவிட்டுப் போனாள்.
குறிப்பேடு சொன்னது:
எண் 7, பச்சைக் கண்ணாடி போன்றது, விளிம்பு கூர்மை.
கையில் இருந்ததோ
அலை உருட்டிய கறுப்புக் கூழாங்கல்.
8 கூழாங்கல். 9 கூழாங்கல்.
வடிகட்டிய முட்டாளா நான், அல்லது
கப்பலில் எவனோ...
அப்போதுதான் தாளைப் பார்த்தார்.
தான் ஒருநாளும் போடாத கோடு
ஏழின் இடுப்பில்.
பதினேழில். இருபத்தேழில். முப்பத்தேழில்.

அடுத்த மாதம் சங்கத்தில் வாசிப்பதாயிருந்த கட்டுரை
கணப்பில் நன்றாகவே எரிந்தது.
கோபம் ஒரு வாரம் இருந்தது, பல்வலி போல.
பிறகு, எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ,
மேசையில் அமர்ந்தவருக்குத்
தன் முதுகு நினைவுக்கு வந்தது.
பாறையைப் பார்த்தபடி, ஆற்றைப் பாராமல் நின்ற முதுகு.

கூழாங்கற்களை இழுப்பறையில் அடுக்கிச் சீட்டு ஒட்டினார்.
இடம்: ஐயம்.
சேகரித்தவர்: ஹால்வர்தூர்.
ஒரு கடிதமும் எழுதினார், ஒரே கேள்வி:
குதிரை இருக்கிறதா?

வசந்தத்தின் முதல் கப்பலில் பதில் வந்தது.
இருக்கிறது. பழையது.
கீழே தேதி, மார்ச் 27,
ஏழின் குறுக்கே கோடு.